புள்ளிக் கணக்கில் டிவி வாங்குவது

டிவி வாங்கப் போகிறவர் கடையில் முதலில் கேட்பது எத்தனை இன்ச் என்று. அடுத்தது, 4கேயா ஃபுல் ஹெச்.டி.யா என்று. விற்பவரும் அதற்குமேல் பேச்சை வளர்ப்பதில்லை. இப்படிப் புள்ளிக் கணக்கைப் பார்த்து வாங்குவதை அறியாமை என்று ஒதுக்கிவிட முடியாது. அட்டைப்பெட்டியில் அச்சாகியிருக்கும் எண்களில் திரித்துச் சொல்ல முடியாதது அநேகமாக அது ஒன்றுதான். ஃபுல் ஹெச்.டி. என்றால் 1920-க்கு 1080, அதாவது 20,73,600 புள்ளிகள். 4கே என்றால் 3840-க்கு 2160, அதாவது 82,94,400. இதில் ஏமாற்று வேலைக்கு இடமில்லை. மற்ற எண்களின் பூர்வோத்தரம் அவ்வளவு சுத்தமில்லை. ஒரு காலத்தில் ஒலிபெருக்கியின் வலிமையை பி.எம்.பி.ஓ. வாட் என்று நூற்றுக்கணக்கில் அச்சடித்தார்கள். பிறகு டைனமிக் கான்ட்ராஸ்ட் பத்து லட்சத்துக்கு ஒன்று என்றார்கள். எப்படி அளந்தார்கள் என்று கேட்டால் பதில் கம்பெனிக்குக் கம்பெனி மாறும். இவற்றுக்கு நடுவே மெய்யான ஒரு எண்ணைப் பிடித்துக்கொள்வது வாங்குபவரின் தற்காப்பு. சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது: எண் மெய்யாக இருப்பதாலேயே, அது எதைச் சொல்லவில்லை என்பதை யாரும் விசாரிப்பதில்லை.

அது சொல்லாமல் விடுவதில் முதலாவது, தூரம். 1964 டோக்கியோ ஒலிம்பிக்ஸுக்குப் பிறகு ஜப்பானின் என்.எச்.கே. நிறுவனம் அடுத்த தலைமுறைத் தொலைக்காட்சிக்கான ஆராய்ச்சியைத் தொடங்கியது. திரையின் உயரத்தைப்போல் மூன்று மடங்கு தள்ளி உட்கார்ந்தால் படத்தை உருவாக்கும் கிடைக்கோடுகள் தெரியக்கூடாது, படம் பார்வையை நிறைக்க வேண்டும் என்ற அளவை வைத்துத்தான் அங்கே கோடுகளின் எண்ணிக்கையை முடிவு செய்தார்கள். ஆக, ஹெச்.டி. என்பது தனி எண்ணாக ஒருநாளும் இருந்ததில்லை. திரையின் அளவு, உட்காரும் தூரம், புள்ளிகள் மூன்றும் சேர்ந்த கணக்கு அது. கடையில் அதில் ஒன்றை மட்டும் சொல்கிறார்கள். நல்ல பார்வையுள்ள கண், ஒரு பாகையில் அறுபதில் ஒரு பங்கு வரை பிரித்தறியும். அந்தக் கணக்கின்படி 55 இன்ச் ஃபுல் ஹெச்.டி. திரையின் புள்ளிகள் ஏறக்குறைய 7 அடிக்கு அப்பால் தனித்தனியாகத் தெரியாமல் ஒன்றாகிவிடும். 43 இன்ச்சில் ஐந்தரை அடிக்கு மேலேயே அப்படித்தான். சோபாவைப் பின்சுவரோடு ஒட்டிப் போட்டு, எதிர்ச்சுவரில் டிவியை மாட்டும் நம் வீடுகளில் இடைவெளி பெரும்பாலும் 8 அடிக்குக் குறையாது. அங்கே 43 இன்ச் 4கே திரையின் கூடுதல் 62 லட்சம் புள்ளிகளைக் கண் கண்டுகொள்ள வாய்ப்பில்லை. எல்லோரும் மட்டமாகப் பேசும் 32 இன்ச் ஹெச்.டி. ரெடி செட்டுகூட அந்தத் தூரத்துக்குத் தாராளமாகப் போதும்.

இதற்கு விஷயம் தெரிந்தவர்கள் ஒரு மறுப்பு சொல்வார்கள். கண் என்பது வெறும் புள்ளி எண்ணும் கருவி அல்ல. ஒரு கோட்டின் விளிம்பு சற்றே விலகியிருந்தால், மேற்சொன்ன எல்லையைவிட நுட்பமாகவே அதைக் கண்டுபிடித்துவிடும் என்பார்கள். உண்மைதான். எழுத்துகளிலும் வலைப்பின்னல் போன்ற நுண்கோடுகளிலும் 4கேயின் அருமை தெரியும். 65 இன்ச் வாங்கி 6 அடியில் உட்காருகிறவர், டிவியைக் கணினித் திரையாக்கி வேலை பார்க்கிறவர், கேம் ஆடுகிறவர் ஆகியோருக்கு 4கே நியாயமான தேர்வு. ஆனால் கண்ணின் இயல்பைச் சாட்சிக்கு அழைத்தால் சாட்சியம் முழுவதையும் கேட்க வேண்டும். மிக நுண்ணிய விவரங்களை விட, நடுத்தர அளவுள்ள வடிவங்களின் வெளிச்ச வேறுபாட்டுக்கே கண் அதிகம் மசியும். இரண்டு படங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால், புள்ளி கூடிய படத்தைவிட, கறுப்பு கறுப்பாக இருக்கும் படமே தெளிவானதாகத் தோன்றுவது இதனால்தான்.

கறுப்பை நிர்ணயிப்பது பேனலின் வகை. எல்.சி.டி. திரைகளில் வி.ஏ. வகை மூவாயிரத்துக்கு ஒன்று, அதற்கு மேலும் மாறுபாடு தரும், ஐ.பி.எஸ். வகை ஆயிரத்துக்கு ஒன்றைச் சுற்றியே நிற்கும், ஆனால் பக்கவாட்டிலிருந்து பார்த்தாலும் நிறம் வெளிறாது. ஓலெட்டில் ஒவ்வொரு புள்ளியும் தானே ஒளிர்ந்து தானே அணையும் என்பதால் கறுப்பு முழுக் கறுப்பு. விளக்கை அணைத்துவிட்டு இரவில் படம் பார்க்கிறவருக்கு வி.ஏ. பொருந்தும், குடும்பமே கூடத்தின் நாலு மூலையிலும் தரையிலுமாக உட்கார்ந்து கிரிக்கெட் பார்க்கிறதென்றால் ஐ.பி.எஸ். மேல். வாங்குபவருக்கு உண்மையில் தேவையான தகவல் இது. அட்டைப்பெட்டியில் இது இருப்பதில்லை. வெளிச்சத்துக்கும் இருட்டுக்கும் இடையிலான வீச்சு அதிகம் என்று சொல்லும் ஹெச்.டி.ஆர். முத்திரை மட்டும் தவறாமல் இருக்கும். ஹெச்.டி.ஆர். படங்களைப் பெரும்பாலும் 1000 நிட் பிரகாசத்தை மனத்தில் வைத்துத் தயாரிக்கிறார்கள். விலை குறைந்த செட்டுகள் பலவும் 300 நிட்டைத் தாண்டுவதில்லை. அந்த சிக்னலை வாங்கிக்கொள்ளும் என்பதற்குத்தான் முத்திரை, காட்டும் என்பதற்கு அல்ல.

இரண்டாவது, படம் எங்கிருந்து வருகிறது என்பது. நம் கேபிளிலும் டி.டி.ஹெச்.சிலும் வரும் சாதாரண எஸ்.டி. சேனலின் முழு அளவு 720-க்கு 576, அதாவது 4,14,720 புள்ளிகள். 4கே திரைக்கு வேண்டியது இதைப்போல் சரியாக இருபது மடங்கு. அதாவது வந்த புள்ளி ஒன்றுக்குப் பத்தொன்பது புள்ளிகளை டிவியின் சிப் ஊகித்து நிரப்ப வேண்டும். ஃபுல் ஹெச்.டி. திரையென்றால் நான்கை ஊகித்தால் போதும். அப்ஸ்கேலிங் இருக்கிறதே என்று விளம்பரங்கள் சொல்லும். நல்ல சிப் விளிம்புகளைக் கூர்மையாக்கும், இரைச்சலைக் குறைக்கும், இல்லாத விவரத்தைக் கொண்டுவராது. மலிவான செட்டில் சிப்பும் மலிவு. போதாக்குறைக்கு, பல வீடுகளில் செட்டாப் பாக்ஸ் இன்னும் சிவப்பு, வெள்ளை, மஞ்சள் கம்பியில்தான் செருகப்பட்டிருக்கிறது. அந்த மஞ்சள் கம்பியில் ஹெச்.டி. படம் ஏறவே ஏறாது. ஓ.டி.டி.யில் 4கே உண்டுதான். ஆனால் நெட்ஃபிளிக்ஸில் அதற்கு உச்சக் கட்டணத் திட்டம் வேண்டும், விநாடிக்கு 15 மெகாபிட் வேகம் தடையில்லாமல் வர வேண்டும். சீரியலும் செய்தியும் கேபிளில் பார்த்து, படத்துக்கு மட்டும் ஓ.டி.டி. பக்கம் போகும் வீட்டில் அந்தத் திரை பெரும்பாலான நேரம் ஊகித்துக்கொண்டே இருக்கும்.

இப்போது 43 இன்ச்சுக்கு மேல் கிடைப்பதெல்லாம் 4கேதானே, விலையிலும் பெரிய வித்தியாசம் இல்லை, கூடுதலாக இருந்துவிட்டுப் போகட்டுமே என்பது அடுத்த மறுப்பு. இது வலுவான வாதம். அந்த அளவில் 4கேயைத் தவிர்த்துவிடுங்கள் என்று சொல்ல நான் வரவில்லை. இருந்தாலும் கூடுதல் புள்ளி இலவசம் என்பது சரியல்ல. எல்.சி.டி. பேனலில் புள்ளிகள் சிறுக்கச் சிறுக்க, அவற்றுக்கு இடையே ஓடும் இணைப்புகள் அடைக்கும் இடம் கூடும். பின்விளக்கின் வெளிச்சம் வெளியே வருவது குறையும். அதை ஈடுகட்ட விளக்கையும் மின்சாரத்தையும் கூட்ட வேண்டும். 4கேக்கு வகுத்த மின் வரம்பை ஐரோப்பிய ஒன்றியம் 2023 மார்ச்சில் 8கே செட்டுகளுக்கும் விதித்தபோது அந்தச் செட்டுகள் திணறியது இதனால்தான். தயாரிப்பாளருக்கு விலையும் கட்டுப்பட வேண்டும், பெட்டியில் 4கேயும் இருக்க வேண்டும் என்றால், கை வைப்பது கண்ணுக்குத் தெரியாத விளக்கிலும் சிப்பிலும்தான். 2025 செப்டம்பரில் 32 இன்ச்சுக்கு மேற்பட்ட டிவிகளின் ஜி.எஸ்.டி. 28 சதவீதத்திலிருந்து 18 ஆனது. அதில் மிஞ்சிய பணத்தை இன்னும் பெரிய திரைக்குக் கொடுப்பதைவிட, அதே அளவில் பிரகாசமான பேனலுக்குக் கொடுப்பது பலன் தரும்.

நாளைக்கு உதவும் என்ற வாதத்தை நான் அவ்வளவு பொருட்படுத்தமாட்டேன். 2010-இல் இதே வாதத்தோடு வந்த 3டி டிவிகளைப் பெரிய நிறுவனங்கள் 2017-க்குள் கைவிட்டன. 8கே ஒளிபரப்பை என்.எச்.கே. 2018 டிசம்பரில் தொடங்கியது. மற்ற நாடுகளில் பெரும்பாலானவை அதைப் பின்தொடரவில்லை. ஸ்மார்ட் டிவியில் பேனல் தேய்வதற்கு முன்பே உள்ளிருக்கும் மென்பொருள் கிழடாகிவிடுகிறது என்பது தனிக் கதை.

கடையின் வெளிச்சத்தில், கம்பெனி தந்த 4கே விளம்பரப் படத்தை, கண் கூசும் விவிட் மோடில் பார்த்துத் தேர்ந்தெடுக்கும் பழக்கத்தை முதலில் விட வேண்டும். அந்தச் சூழலில் எல்லா செட்டும் நன்றாகத்தான் தெரியும். வீட்டில் உட்காரும் தூரத்தை அளந்துகொண்டு போய், அதே தூரத்தில் நின்று, எஸ்.டி. சேனல் ஒன்றையும் இருட்டான காட்சி ஒன்றையும் போடச் சொல்லலாம். ஓரமாக நகர்ந்தும் பார்க்கலாம். கடைக்காரர் சலித்துக்கொள்வார், பரவாயில்லை. ஏற்கெனவே வாங்கிவிட்டவர் ஹெச்.டி.எம்.ஐ. கம்பியைப் போட்டு, சினிமா மோடுக்கு மாற்றி, படத்தைச் சீரியல்போல் வழுவழுப்பாக்கும் வசதியை அணைத்தாலே பாதி குறை நீங்கும். விநாடிக்கு 24 பிரேமில் எடுத்த படத்துக்கு நடுவே இல்லாத பிரேம்களைச் செருகும் அந்த வசதியை அணைக்கச் சொல்லி 2018-இல் டாம் குரூஸே வீடியோ வெளியிட்டார். இன்றும் பல செட்டுகள் அதை இயக்கிவைத்துத்தான் கடைக்கு வருகின்றன.