எஸ்.யூ. பம்பின் தாளம்

மொரிஸ் மைனரில் பெற்றோல் ஓட்டம் தடைப்பட்ட மாத்திரத்தில் கார்பரேற்றரின் மீது பழியைச் சுமத்தி, அதைக் கழற்றிப் பரப்பிவிடும் அவசரத்தை மட்டக்களப்புக் கராஜ்களில் இப்போது சர்வசாதாரணமாகக் காண்கிறேன். அந்த வண்டியோடு பழகியவர்களோ, எஞ்சினை இயக்காமல் சாவியை மாத்திரம் திருப்பிவிட்டு, தகட்டுச் சுவரில் பூட்டியிருக்கும் எஸ்.யூ. மின்பம்பின் சப்தத்துக்குச் செவிசாய்ப்பார்கள்.

துரித காலத்தில் தொடங்கும் அந்த ‘டிக் டிக்’, கார்பரேற்றரின் மிதவைக் கிண்ணம் நிறைந்ததும் தயங்கி ஓய்ந்துவிடுமானால் பம்பின்மேல் சந்தேகத்துக்கு இடமில்லை. ஓயாமல் படபடத்துக்கொண்டேயிருந்தால் தாங்கி வெறுமையாயிருக்க வேண்டும், அல்லது உறிஞ்சு குழாயின் இணைப்பொன்றில் காற்று நுழைய வேண்டும். கிண்ணத்திலிருந்து பெற்றோல் வழிந்தபடியே அது அடித்தால் ஊசி வால்வு மூடவில்லை. ஒரு தரம் அடித்து அடுத்ததற்கு நெடுநேரம் தாமதித்தால் வடிவலையிலோ குழாயிலோ அடைப்பு. சில வேளைகளில் தாங்கியின் மூடியைத் திறக்க, உஸ்ஸென்று காற்று உட்புகுந்து, தாளம் தானாகவே சீர்ப்பட்டுவிடும். பம்பு வாய் திறவாமலே இருந்தால்தான் அதனுள் மின்னை இணைத்துத் துண்டிக்கும் பொயின்ற்றைப் பார்க்க வேண்டும். வாவியின் ஈரமும் கடலின் உப்பும் சேர்ந்து வீசும் கல்லடி, நாவற்குடாப் பக்கங்களில், ஏர்த் கம்பியின் முனையில் பூத்த பச்சைக் களிம்பைச் சுரண்டிவிட்டதும் உயிர்பெற்ற பம்புகள் பல.

எனக்குத் தெரிந்த முதிய மெக்கானிக் ஒருவர், நிலாக் காலத்தில் துடுப்பை வாவிக்குள் இறக்கி மறுமுனையைக் காதில் வைத்துப் பாடும் மீனைக் கேட்பவரைப் போல, நீண்ட ஸ்க்ரூ டிரைவரின் முனையைக் கிண்ணத்து மூடியில் ஊன்றி, கைப்பிடியைச் செவியோடு சேர்த்து, பெற்றோல் உட்புகும் மெல்லிய சீற்றத்தைக் கேட்பார். “முதல்ல பம்பைக் கேளு மனே” என்பார். அதன் பிறகே கார்பரேற்றரின் பிஸ்டனைத் தூக்கி விடுவார்; ‘டொக்’ என்று அது தடையின்றி விழுந்தால் ஜெற் மையத்தில் இருக்கிறதென்று திருப்தியடைவார்.

ஒஸ்ரின் ஏ35இன் பொறிப்பம்பும் செனித் கார்பரேற்றருமே தொல்லை குறைந்தவை என்று வாதாடும் நண்பர்கள் எனக்குண்டு. பொயின்ற் கருகும் தொல்லை அதிலில்லை என்பது மெய்யே. ஆயினும், பெற்றோல் வருகிறதா என்றறியக் குழாயைக் கழற்றி எஞ்சினைச் சுழற்றிப் பார்த்தாலன்றி அந்தப் பம்பு எதையும் சொல்லாது. 1948இல் அலெக் இஸிகோனிஸின் வடிவமைப்பில் வெளிவந்த மைனர், 918, 803, 948, 1098 கன சென்ரிமீற்றர் என்று எஞ்சினை மாற்றிக்கொண்டே போயிற்று, பம்பு எஸ்.யூ.வாகவே நின்றது. யாழ்ப்பாணத்தில் பொருளாதாரத் தடைக் காலத்தில் சில துளி பெற்றோலால் கிளப்பிய வண்டிகள் மண்ணெண்ணெயில் ஓடியதையும், 2022இன் தட்டுப்பாட்டில் கான்களில் தேங்கிய பழைய பெற்றோல் கிண்ணத்தில் படியவிட்ட பிசினையும் கண்டவர்கள், இந்தச் சாதனங்களின் பொறுமையை அறிவார்கள்.

இன்றைக்கோ சோதிப்பதற்கு முன்பே, “புதுசு போடுவோம்” என்கிறார்கள். நிசான் எஞ்சினையே ஏற்றிவிடுவோரும் உண்டு. பொயின்ற்றுக்குப் பதிலாக மின்னணுச் சுவிட்ச் வைத்த எஸ்.யூ. பம்பு பழைய உடலிலேயே வருகிறது. அதன்மேல் எனக்கு ஆட்சேபமில்லை. கருக அதில் பொயின்ற் இல்லை, அடிக்கவோ அடிக்கிறது.