காலியும் பழவேற்காடும்: டச்சு ஊரைக் காக்கும் இரு வழிகள்

ஐரோப்பியர் கட்டிய பழைய நகரம் ஒன்றைப் பார்க்க சென்னை மாதவரத்துக்காரர்கள் விசா எடுக்க வேண்டியதில்லை. பொன்னேரிக்குப் போய், திருப்பாலைவனம் வழியாகப் பழவேற்காடு செல்லும் பஸ்ஸில் ஏறினால் போதும். காலையில் கிளம்பினால் மதியச் சாப்பாட்டுக்கு முன்பே, 17ஆம் நூற்றாண்டில் சோழமண்டலக் கரையில் டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியின் தலைமையிடமாக இருந்த ஊரில் இறங்கிவிடலாம். அதே கம்பெனி ஆண்ட இன்னொரு ஊர், இலங்கையின் தென்கரையில் இருக்கும் காலி. இரண்டிலும் வந்து இறங்குபவர் கண்ணில் முதலில் படுவது ஒன்றல்ல. அதற்கு வரலாறு பாதிக் காரணம். ஊரைப் பேணும் முறை மீதிக் காரணம்.

கொழும்பு கோட்டை நிலையத்தில் ரயில் ஏறினால் கடலை ஒட்டியே காலிக்குப் போகலாம். நிலையத்தை விட்டு வெளியே வந்து சிறிது தூரம் நடந்தால் கிரிக்கெட் மைதானம். அதற்குப் பின்னால் சூரியன், சந்திரன், நட்சத்திரம் என்று பெயரிட்ட மூன்று கொத்தளங்களோடு மதில் எழுந்து நிற்கிறது. பழைய வாசலின் உட்புறத்தில் சிங்கங்களுக்கு நடுவே கம்பெனியின் முத்திரையும் 1669 என்ற ஆண்டும் செதுக்கப்பட்டிருக்கின்றன. வெளிப்புறத்தில் பின்னால் வந்த பிரிட்டிஷாரின் சின்னம் இருக்கிறது. உள்ளே 1755இல் எழுந்த தேவாலயத்தின் தரையில் கல்லறைப் பலகைகளையே பாவியிருக்கிறார்கள். அதே தெருக்களில் பள்ளிவாசலும் பள்ளிக்கூடமும் வக்கீல் அலுவலகங்களும் இயங்குகின்றன. வீடுகளில் தலைமுறைகளாகக் குடும்பங்கள் வசிக்கின்றன.

பழவேற்காட்டில் இறங்கியதும் தெரிவது ஏரியும் படகுகளும் மீன் வியாபாரமும்தான். கோட்டையை விசாரித்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும். 1613இல் கட்டிய ஜெல்டிரியா கோட்டை இருந்த இடத்தில் இன்று முட்புதர் மண்டிய மேடும் அகழியின் தடமும்தான் மிச்சம். டச்சுக்காரர்கள் இங்கே இருந்தார்கள் என்பதற்குக் கல்லறைத் தோட்டமே உருப்படியான சாட்சி. அதன் வாசலில் இருபுறமும் எலும்புக்கூடுகளைக் கல்லில் செதுக்கி நிறுத்தியிருக்கிறார்கள். உள்ளே கூம்புத் தூண்களும் கருங்கல் பலகைகளும் இருக்கின்றன. பலகைகளில் குலச் சின்னங்களும் டச்சு எழுத்துகளும் இன்னும் கூர்மை மழுங்காமல் தெரிகின்றன. இந்தத் துறையிலிருந்து துணி மூட்டைகளோடு அடிமைகளாக்கப்பட்ட மனிதர்களும் பத்தேவியாவுக்கு (இன்றைய ஜகார்த்தா) கப்பலேற்றப்பட்டார்கள். அவர்களுக்கு இங்கே ஒரு கல்லும் இல்லை.

இரண்டு ஊர்களின் தலையெழுத்தும் வேறு என்பதை மறுக்க முடியாது. 1640இல் போர்த்துக்கீசியரிடமிருந்து டச்சுக்காரர்கள் கைப்பற்றிய காலி, 1796இல் பிரிட்டிஷார் கைக்குப் போன பிறகும் துறைமுகமாகவும் நிர்வாக ஊராகவும் நீடித்தது. கோட்டைக்குள் வேலை இருந்ததால் கோட்டையும் நின்றது. பழவேற்காட்டுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. டச்சுத் தலைமையிடம் 1690இல் நாகப்பட்டினத்துக்கு மாறியது. தெற்கே சென்னைப்பட்டினம் வளர்ந்து வியாபாரத்தை இழுத்துக்கொண்டது. 1825இல் ஊர் பிரிட்டிஷாரிடம் வந்தபோது அவர்களுக்கு இந்தத் துறை தேவைப்படவில்லை.

ஆனால் எஞ்சியதைக் காப்பதில் இருக்கும் வேறுபாட்டுக்கு விதியைக் காரணம் சொல்ல முடியாது. இந்தியச் சட்டம் நினைவுச் சின்னத்தைக் காக்கிறது. பழவேற்காட்டின் கல்லறைத் தோட்டத்துக்குச் சுற்றுச்சுவரும் தொல்லியல் துறையின் அறிவிப்புப் பலகையும் உண்டு. 2010ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி, பாதுகாக்கப்பட்ட சின்னத்திலிருந்து 100 மீட்டருக்குள் புதிதாகக் கட்டக் கூடாது. அதற்கு அப்பால் மேலும் 200 மீட்டர் வரை அனுமதி வாங்க வேண்டும். அதாவது எதைச் செய்யக் கூடாது என்று சட்டம் சொல்கிறது. சுற்றியுள்ள பழைய வீட்டைக் காக்க யார் பணம் தருவது என்ற கேள்விக்கு அதில் பதில் இல்லை.

காலியில் ஊரே சின்னம். பழைய நகரத்தையும் மதிலையும் சேர்த்தே யுனெஸ்கோ 1988இல் உலக மரபுப் பட்டியலில் ஏற்றியது. 1994இல் இலங்கை காலிக்கென்றே தனிச் சட்டம் போட்டு ஒரு மரபுரிமை அமைப்பை உருவாக்கியது. தெருவைப் பார்த்த முகப்பை வீட்டுக்காரர் இஷ்டத்துக்கு மாற்ற முடியாது. அதே சமயம், நெதர்லாந்து உதவியோடு தனியார் வீடுகள் சிலவற்றையும் பழுதுபார்த்துக் கொடுத்தார்கள். 2004 சுனாமியில் வெளியே பஸ் நிலையம் வரை வெள்ளம் புகுந்தபோது உள்ளே இருந்தவர்களைக் காத்தது அந்தப் பழைய மதில்தான்.

காலி முறைக்கும் ஒரு விலை உண்டு. வெளிநாட்டார் பலர் வீடுகளை வாங்கினார்கள். குடித்தனம் இருந்த வீடுகள் சொகுசு விடுதிகளாகவும் நகைக்கடைகளாகவும் மாறின. ஏறிய விலையைப் பார்த்து விற்றுவிட்டு வெளியேறிய உள்ளூர்க் குடும்பங்கள் நிறைய. பழவேற்காடு இன்றும் மீனவர்களின் ஊர், பனையோலைக் கூடை முடையும் முஸ்லிம் பெண்களின் ஊர். அதைச் சுற்றுலாவுக்காக இழப்பது புத்திசாலித்தனம் ஆகாது.

ஆகவே காலியை அப்படியே நகலெடுக்கச் சொல்லவில்லை. சின்னத்தோடு தெருவையும் சேர்த்துப் பார்ப்பது, வீட்டுக்காரருக்குத் தடையோடு உதவியும் தருவது ஆகிய இரண்டை மட்டும் அங்கிருந்து எடுத்துக்கொள்ளலாம். புதுச்சேரியையும் கொச்சிக் கோட்டையையும் வைத்திருக்கும் நாட்டுக்கு இது தெரியாத வித்தை அல்ல. பாரம்பரிய ஆணையச் சட்டத்தை 2012இலேயே நிறைவேற்றிய தமிழ்நாடு, பழவேற்காட்டின் பழைய தெருக்களையும் வீடுகளையும் முதலில் கணக்கெடுக்க வேண்டும். கோட்டை மேட்டின் புதரை வெட்டி, இங்கே என்ன இருந்தது என்று தமிழில் ஒரு வரைபடம் வைக்க வேண்டும். இந்த வேலைக்கு யுனெஸ்கோவின் அனுமதி தேவையில்லை.