பாம்பனின் இரண்டு அடுக்கு

போடிமெட்டில் இறங்கி, தேனி, மதுரை கடந்து கிழக்கே போய்க்கொண்டே இருந்தால், கரை முடிகிற இடத்தில் பாம்பன் பாலம் தொடங்குகிறது.

இரண்டு அடுக்குகள் ஒரே பாலத்திலும் இருக்கலாம்: ஜப்பானின் யோக்கோஹாமா துறைமுகத்தில் 1989-இல் திறந்த கம்பிவடப் பாலம், ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு சாலைகளைச் சுமக்கிறது. பாம்பனிலோ மேலடுக்கும் கீழடுக்கும், சாலைக்கும் ரயிலுக்குமான தனித்தனிப் பாலங்கள். 1988-இல் திறந்த சாலைப் பாலம் நடுவில் உயர்ந்து கப்பலுக்கு வழிவிடுகிறது. தாழ்ந்து கிடக்கும் ரயில் பாலத்துக்கு அந்த உயரம் இல்லை. கப்பல் போக, அது திறக்க வேண்டும். 1914-இன் பழைய பாலத்தில் இரண்டு இரும்புக் கைகள் மேல்நோக்கி விரிந்தன. 2025 ஏப்ரலில் திறந்த புதிய பாலத்தில், 72.5 மீட்டர் நீளத் தூக்குப்பகுதி அப்படியே செங்குத்தாக 17 மீட்டர் எழுகிறது.

உப்புக்காற்று இரும்பை அரிக்கும் இடத்தில் நம் பொறியாளர்கள் செய்த அருமையான வேலை இது. கம்பம் பள்ளத்தாக்கிலிருந்து ராமேசுவரம் போகிறவர்களே, பாலத்தைப் பகலில் கடந்து, சாலைப் பாலத்தையும் ரயில் பாலத்தையும் நின்று பாருங்கள்.