குரலும் ஓர் உரை: வலையொலிகளில் புதுமைப்பித்தன் கதைகள்

ஆய்வுச் சுருக்கம்

தமிழ்ச் சிறுகதைகளை வாய்விட்டு வாசித்துப் பதிவுசெய்து இணையத்தில் வெளியிடுவது இன்று பலருக்கு விருப்பமான பொழுதுபோக்காக உள்ளது. இப்பதிவுகள் பெரும்பாலும் நூலைக் கேட்போரிடம் சேர்க்கும் கருவிகளாக மட்டுமே கருதப்படுகின்றன. வாய்விட்டு வாசித்தல் என்பது பனுவலுக்குப் பொருள் காணும் செயல், ஆதலின் அது தமிழ் உரைமரபோடு ஒப்பவைத்து மதிப்பிடத்தக்கது என்பதே இக்கட்டுரையின் கருத்து. புதுமைப்பித்தனின் ‘பொன்னகரம்’, ‘கடவுளும் கந்தசாமிப் பிள்ளையும்’ ஆகிய இரு கதைகள் இதற்குச் சான்றாக எடுத்துக்கொள்ளப்படுகின்றன.

திறவுச்சொற்கள்: வலையொலி, வாய்விட்டு வாசித்தல், உரைமரபு, மெய்ப்பாடு, புதுமைப்பித்தன்.

முன்னுரை

‘பாட்காஸ்ட்’ என்னும் சொல் 2004ஆம் ஆண்டு பிப்ரவரியில் ‘தி கார்டியன்’ நாளிதழில் பென் ஹேமர்ஸ்லி எழுதிய கட்டுரையில் முதன்முதலாக இடம்பெற்றது. அடுத்த ஆண்டே ஹியூ மெக்குவையர் ‘லிப்ரிவாக்ஸ்’ என்னும் தன்னார்வ முயற்சியைத் தொடங்கினார். காப்புரிமை நீங்கிய நூல்களை ஊதியம் பெறாத ஆர்வலர்கள் தத்தம் வீடுகளில் இருந்தபடியே வாசித்துப் பதிவுசெய்து எல்லோருக்கும் இலவசமாக அளிப்பது அதன் நோக்கம். இவ்வாறு, வலையொலி என்னும் வடிவம் தோன்றிய காலத்திலேயே இலக்கிய வாசிப்பும் அதனோடு இணைந்துவிட்டது.

தமிழில் இம்முயற்சிக்கு ஏற்ற சூழல் ஒன்று ஏற்கெனவே இருந்தது. இந்தியச் சட்டப்படி ஆசிரியர் மறைந்து 60 ஆண்டுகள் கழிந்த பின்னரே அவருடைய படைப்புகள் பொதுவுடைமையாகின்றன. ஆனால் தமிழ்நாட்டு அரசு பல எழுத்தாளர்களின் நூல்களை அதற்கு முன்பே நாட்டுடைமையாக்கியுள்ளது. 1948இல் மறைந்த புதுமைப்பித்தனின் படைப்புகள் 2002இல் நாட்டுடைமையாயின. ஆகவே ஒரு கைப்பேசியும் அமைதியான ஓர் அறையும் உடைய எவரும் அவருடைய கதைகளை வாசித்து வெளியிடலாம்; பலர் வெளியிட்டும் வருகின்றனர்.

இப்பதிவுகளைப் பற்றிய பேச்சு பெரும்பாலும் இரண்டு நிலைகளில் நின்றுவிடுகிறது. இலக்கியம் பரவுகிறது என்று மகிழ்வது ஒன்று. உச்சரிப்புப் பிழைகளை எண்ணிக் குறைகூறுவது மற்றொன்று. ஒரு குரல் ஒரு கதையை எவ்வாறு பொருள்கொண்டுள்ளது என்னும் வினா எழுப்பப்படுவது அரிது. இக்கட்டுரை அவ்வினாவை முன்வைக்கிறது.

உரை என்னும் சொல்லின் இருபொருள்

தமிழில் ‘உரை’ என்பது பேச்சையும் குறிக்கும். நூலுக்கு எழுதப்படும் விளக்கத்தையும் குறிக்கும். இது தற்செயலாக அமைந்த ஒற்றுமை அன்று. சுவடியில் நிறுத்தக்குறிகள் இல்லை; சொற்களுக்கு இடையே இடைவெளியும் இல்லை. எங்கே பிரிப்பது, எதனை எதனோடு கூட்டுவது, எவ்விடத்தில் வினாவாகக் கொள்வது என்பவற்றை முடிவுசெய்யாமல் ஒரு பாடலை வாய்விட்டுச் சொல்ல இயலாது. நன்னூல் எட்டுவகைப் பொருள்கோளை வகுத்துக் கூறுவதும், உரையாசிரியர்கள் ஒரே நூற்பாவை வேறுவேறு வகையில் கொண்டுகூட்டுவதும் இத்தேவையிலிருந்தே பிறந்தன.

அச்சுநூலில் இச்சிக்கல் குறைந்துள்ளது என்றாலும் மறைந்துவிடவில்லை. காற்புள்ளியும் முற்றுப்புள்ளியும் நிறுத்தத்தைக் காட்டும், தொனியைக் காட்டா. மௌனமாக வாசிப்பவர் ஒரு வாக்கியத்தில் சினத்தையும் எள்ளலையும் ஒருசேர உணர முடியும். எது மேலோங்கியது என்று அவர் தீர்மானிக்க வேண்டியதில்லை. வாய்விட்டு வாசிப்பவருக்கு அந்த உரிமை இல்லை. அவர் ஒன்றைத் தேர்ந்தாக வேண்டும். அந்தத் தேர்வே அவருடைய உரை.

உரையாசிரியருக்கும் வலையொலி வாசிப்பாளருக்கும் ஒரு வேறுபாடு உண்டு. உரையாசிரியர் தடையை எழுப்பி விடையும் கூறுவார். பிறர் கொண்ட பொருளைச் சுட்டி மறுப்பார். வாசிப்பாளர் தம் முடிவை மட்டுமே ஒலிக்கச் செய்கிறார், காரணத்தைக் கூறுவதில்லை. தாம் ஒரு முடிவை எடுத்துள்ளோம் என்பதையே பல வேளைகளில் அவர் அறிவதில்லை. எனவே திறனாய்வாளர் அந்த முடிவை வெளிக்கொணர வேண்டியுள்ளது.

‘பொன்னகரம்’: இறுதி வாக்கியங்களின் மெய்ப்பாடு

1934இல் ‘மணிக்கொடி’யில் வெளிவந்த ‘பொன்னகரம்’ மிகச் சிறிய கதை. ஆலைத் தொழிலாளியான அம்மாளு, காயம்பட்டுக் கிடக்கும் கணவனுக்குப் பால்கஞ்சி கொடுக்க வழியின்றி, இருளடைந்த சந்தில் ஓர் ஆடவனுடன் செல்கிறாள். அவள் ஈட்டியது முக்கால் ரூபாய். இதனைக் கூறி முடித்ததும் கதைசொல்லி திடீரெனத் திரும்பி, கற்பைப் பற்றி ஓயாது பேசுவோரை நேரடியாக விளித்து, கதையின் தலைப்பையே அவர்கள்முன் வைத்து நிறுத்திவிடுகிறார்.

இவ்விறுதி வாக்கியங்களை எந்தக் குரலில் வாசிப்பது? தொல்காப்பிய மெய்ப்பாட்டியலின் சொற்களைக் கொண்டு நோக்கினால் மூன்று வாய்ப்புகள் தென்படுகின்றன. முதலாவது வெகுளி: உரத்த குரலில், குற்றம்சாட்டும் தொனியில் வாசிப்பது. இரண்டாவது அழுகை: தாழ்ந்து தழுதழுத்த குரலில் வாசிப்பது. மூன்றாவது எள்ளல்வழிப் பிறக்கும் நகை: உணர்ச்சியை ஏற்றாமல், ஏதோ ஊர்ச்செய்தி கூறுவதுபோல் வாசிப்பது.

வலையொலிகளில் பரவலாகக் கேட்பது அழுகையே. அதற்குத் துணையாக மெல்லிய வயலின் இசையும் சேர்க்கப்படுவதுண்டு. கேட்போரின் கண்கள் கலங்கக்கூடும். ஆனால் கதை அங்கே தன் இலக்கைத் தவறவிட்டுவிடுகிறது என்பது என் மதிப்பீடு. காரணம் இலக்கணம் சார்ந்தது. அவ்வாக்கியங்கள் முன்னிலையில் அமைந்தவை, விளிக்கப்படுபவர் கேட்பவரே. சோக இசை ஒலிக்கத் தொடங்கியதும் கேட்பவர் குற்றம்சாட்டப்பட்டவர் என்னும் இடத்திலிருந்து நீங்கி, அம்மாளுவுக்காக இரங்கும் நல்லவர் என்னும் இடத்தில் சென்று அமர்ந்துவிடுகிறார். முன்னிலை படர்க்கையாகிவிடுகிறது. ஒரு சொல்லும் மாற்றப்படவில்லை. ஆயினும் கதை மாறிவிட்டது.

வெகுளியாக வாசித்தாலும் ஒருவகை இழப்பு நேர்கிறது. உரத்த குரல் கதைசொல்லியை மேடைப் பேச்சாளராக்குகிறது. கேட்போர் அவருடைய அணியில் சேர்ந்துகொண்டு வேறு யாரையோ சாடலாம். எள்ளல் குரலே கேட்பவரைத் தப்பவிடுவதில்லை. தொடக்கத்திலிருந்தே நகரின் பெருமையைப் புகழ்வதுபோல் பழிக்கும் கதைசொல்லியின் நடைக்கும் அதுவே பொருந்துகிறது. தட்டையான குரலில், இசையின்றி, இறுதி வாக்கியத்திற்குப் பின் சில நொடிகள் மௌனம் விட்டு முடிக்கும் பதிவு, அக்கதைக்கு எழுதப்பட்ட நல்ல உரைகளுள் ஒன்றாக அமையக்கூடும்.

‘கடவுளும் கந்தசாமிப் பிள்ளையும்’: பிழையான ஓர் உரை

இரண்டாவது சான்று என் சொந்தப் பதிவு. முனைவர் பட்ட ஆய்வுக்கு இடையே, ஓய்வுப் பொழுதுகளில் கதைகளை வாசித்துப் பதிவுசெய்வது என் வழக்கம். போர்வையால் சன்னலை மூடி, மின்விசிறியை நிறுத்தி, இரவு பதினொரு மணிக்குப் பின் கைப்பேசியில் பதிவுசெய்வேன். நான் முதலில் முழுமையாக வாசித்து முடித்த கதை, 1943இல் வெளிவந்த ‘கடவுளும் கந்தசாமிப் பிள்ளையும்’. அதில் கடவுளின் உரையாடல்களுக்கு மட்டும் எதிரொலி சேர்த்தேன். புராணத் திரைப்படங்களில் தெய்வங்கள் பேசும் முறை என் காதில் பதிந்திருந்தது. கேட்போர் இருவரின் குரலையும் எளிதில் வேறுபடுத்தி அறிவர் என்பது நான் எனக்குக் கூறிக்கொண்ட காரணம்.

அப்பதிவை முதலில் கேட்டவர் என் ஆச்சி. அவருக்கு எழுத்து வாசிக்கத் தெரியாது. பாதிக் கதை கடந்ததும் அவர் கேட்டார்: “பெரியப்பான்னு சொல்லித்தானே வீட்டுக்குக் கூட்டிட்டு வந்திருக்கான், அவரு எதுக்குக் கெணத்துக்குள்ள இருந்து பேசுதாரு?”

இதைவிடக் கூர்மையான பாடத்திறனாய்வு ஒன்றை அக்கதை தொடர்பாக நான் கேட்டதில்லை. கதையின் இயக்கம் முழுவதும் கடவுளை வியப்பின்றி ஏற்றுக்கொள்வதில்தான் உள்ளது. பிள்ளை அவரைக் காப்பி குடிக்க ஓட்டலுக்கு அழைத்துச் செல்கிறார். காப்பியின் சுவையைக் கடவுள் தம் லீலையாகக் கருத, அது சிக்கரித் தூளின் வேலை என்று திருத்துகிறார். தம் பத்திரிகைக்கு ஆயுள் சந்தாதாரராகச் சேரச் சொல்கிறார். வீட்டில் கைலாசபுரத்துப் பெரியப்பா என்று அறிமுகப்படுத்துகிறார். உலகம் கடவுளைத் தன் அன்றாடக் கணக்கில் வரவுவைத்துக்கொள்வதே இதிலுள்ள நகை. எதிரொலி அந்தக் கணக்கைக் கலைக்கிறது. குரலில் தெய்வத்தன்மை ஏறியதும், பிள்ளை அஞ்சாமல் பேசுவது அறியாமையாகவோ துடுக்காகவோ தோன்றுகிறது. கடவுள் பெரியவர், மனிதன் சிறியவன் என்னும் பழைய வரிசையை, அதனைக் குலைக்க எழுதப்பட்ட கதைக்குள்ளேயே என் பதிவு மீண்டும் நிறுவிவிட்டது.

அக்கதையைப் பற்றி அதற்கு முன்பே ஒரு கருத்தரங்கக் கட்டுரை எழுதியிருந்தேன். தெய்வத்தின் சாதாரணமாதல் என்று அதில் ஒரு தலைப்பும் இட்டிருந்தேன். எழுத்தில் அறிந்திருந்ததைக் குரலில் அறிந்திருக்கவில்லை. கடவுளையும் பிள்ளையையும் ஒரே குரலில், பேச்சின் வேகத்தை மட்டும் சிறிது மாற்றி வாசித்து, முழுக் கதையையும் மீண்டும் பதிவுசெய்தேன். வாய்விட்டு வாசித்தல் வாசகரின் புரிதலைச் சோதிக்கும் உரைகல்லாகவும் ஆகிறது என்பதை அப்போது உணர்ந்தேன்.

பாடமும் அறிவிப்பும்

குரலைப் போலவே பாடமும் கவனிக்கத்தக்கது. புதுமைப்பித்தன் கதைகளின் பத்திரிகை வடிவத்திற்கும் நூல்வடிவத்திற்கும் இடையே வேறுபாடுகள் உள்ளன. ஆ. இரா. வேங்கடாசலபதி பதிப்பித்து 2000இல் காலச்சுவடு வெளியிட்ட செம்பதிப்பு அவ்வேறுபாடுகளைப் பதிவுசெய்துள்ளது. ஆனால் எந்தப் பதிப்பிலிருந்து வாசிக்கப்படுகிறது என்னும் அறிவிப்பு வலையொலிகளில் பெரும்பாலும் இருப்பதில்லை. சில பத்திகளைச் சுருக்குவது, கடினச் சொல்லுக்கு எளிய சொல்லை இடுவது, இன்று கூசவைக்கும் சாதிப் பெயர்களை விட்டுவிடுவது ஆகியனவும் அறிவிப்பின்றி நிகழ்கின்றன.

இவற்றுள் எதுவும் தன்னளவில் குற்றமன்று. சுருக்கி வாசிப்பதற்கும் ஒரு சொல்லைத் தவிர்ப்பதற்கும் தக்க காரணங்கள் இருக்கலாம். ஆனால் அச்சில் பாடத்தை மாற்றுபவர் சான்று விட்டுச்செல்கிறார். பக்கத்தோடு பக்கத்தை ஒப்பிட்டு அறியலாம். நூலைக் கையில் வைத்திராத கேட்பவருக்கு அவ்வாய்ப்பு இல்லை. என் ஆச்சியைப் போன்றோருக்கு ஒலிப்பதிவே மூலப்பாடம். ஆகவே தொடக்கத்தில் பதிப்பின் பெயரையும், மாற்றம் செய்திருப்பின் அதனையும் ஒரு வாக்கியத்தில் அறிவிப்பது கேட்போருக்குச் செலுத்தும் மரியாதையாகும்.

ஒரு மறுப்பும் விடையும்

பகல் முழுவதும் வேறு தொழில் புரிந்து, இரவில் விருப்பத்தினால் பதிவுசெய்யும் ஒருவர்மீது உரையாசிரியரின் சுமையை ஏற்றுவது முறையா என்று வினவலாம். இலக்கணம் பேசத் தொடங்கினால் ஆர்வலர்கள் அஞ்சி விலகிவிடுவர் என்பதும் நியாயமான அச்சமே.

இதற்கு விடை, பொழுதுபோக்காளருக்கே உரிய வசதிகளில் உள்ளது. வானொலி வாசிப்பாளருக்கு நேர வரையறை உண்டு. நிலையத்தின் மொழிக்கொள்கை உண்டு. வலையொலி வாசிப்பாளருக்கு இவை இல்லை. பதினேழு நிமிடக் கதையைப் பதினேழு நிமிடம் வாசிக்கலாம். மௌனத்தை மௌனமாகவே விடலாம். தம் வட்டார ஒலிப்பை மறைக்க வேண்டியதில்லை. பிழை நேர்ந்தால் மறுபடியும் பதிவுசெய்யலாம். பயிற்சி பெற்ற குரல்கள் தவிர்க்கும் தட்டையான, அன்றாடமான தொனி அவர்களுக்கு இயல்பாகவே வாய்த்துள்ளது. மேற்கண்ட இரு கதைகளும் வேண்டுவது அத்தகைய குரலையே. நடிப்பைக் கூட்டும்போது அவர்கள் இழப்பது தம்மிடம் ஏற்கெனவே இருந்த தகுதியை.

மேலும், திறனாய்வு செய்யாமல் விடுவதே மரியாதை எனக் கொள்வதற்கில்லை. பிழையை எடுத்துக்கூறத் தகாத முயற்சி என்று ஒன்றை ஒதுக்கிவைப்பது, அதனை இலக்கியச் செயலாகக் கருதவில்லை என்பதற்கே சான்றாகும்.

முடிவுரை

திருக்குறளின் 42ஆவது அதிகாரம் ‘கேள்வி’. கற்க வாய்ப்பில்லாதவரும் கேட்டு அறிவு பெறலாம் என்பது அவ்வதிகாரத்தின் கருத்துகளுள் ஒன்று. எழுத்தறியாதோர், பார்வையற்றோர், பணிச்சுமையால் நூலைக் கையிலெடுக்க இயலாதோர் எனப் பலரிடம் தமிழ்ச் சிறுகதையை இன்று கொண்டுசேர்ப்பவை பெரும்பாலும் ஆர்வலர்களின் குரல்களே. அவர்கள் கேட்பது கதையை மட்டுமன்று. கதைக்கு ஒருவர் கண்ட பொருளையும் சேர்த்தே கேட்கின்றனர்.

ஆகவே இலக்கிய வலையொலிகளை மதிப்பிடும்போது மூன்று வினாக்கள் எழுப்பப்பட வேண்டும்: எப்பாடம் வாசிக்கப்படுகிறது? கதைசொல்லியின் குரலுக்கு எம்மெய்ப்பாடு தேர்ந்துகொள்ளப்பட்டுள்ளது? இசையும் ஒலிநுட்பமும் அத்தேர்வுக்குத் துணைநிற்கின்றனவா, அதனை மறைக்கின்றனவா? தமிழ்த்துறைகள் சிறுகதைத் தாளில் ஒரு கதையின் இருவேறு வாசிப்புப் பதிவுகளை மாணவரிடம் அளித்து ஒப்பிடச் செய்தால், உரைவேறுபாடு என்பது பழைய நூல்களுக்கு மட்டும் உரியதன்று என்பதை அவர்கள் தம் செவியாலேயே அறிவர்.