சொல்லாமல் வந்து, சொல்லாமல் போவது

நல்லதுக்கு அழைத்தால் போக வேண்டும். கெட்டதுக்குக் கேள்விப்பட்டாலே போக வேண்டும். எழுமலைப் பக்கம் பிள்ளைகளுக்குச் சொல்லித்தரும் மரியாதைகளில் இதற்கு மேல் ஒன்று இருப்பதாக எனக்குத் தெரியவில்லை. உசிலம்பட்டிக்குத் தென்மேற்கே, மேற்கு மலை அடிவாரத்து மானாவாரி ஊர் எங்களுடையது. ஒருவர் எப்பேர்ப்பட்ட மனிதர் என்பதை இந்த ஊர் கேத வீட்டில், அதாவது சாவு வீட்டில், வைத்துத்தான் எடைபோடும். கல்யாணத்துக்கு வராதவரை நாலு நாளில் மறந்துவிடுவார்கள். "எங்க அய்யா செத்தப்ப அவுக வரல" என்ற பேச்சு மட்டும் பேரன் காலம் வரைக்கும் நிற்கும்.

கேதத்துக்குப் போவதற்கு ஒரு முறை உண்டு. செய்தி காதில் விழுந்ததும் கையிலிருக்கிற வேலையைப் போட்டுவிட்டுக் கிளம்ப வேண்டும். பெண்கள் தலையில் பூ வைப்பதில்லை. ஒரே தெருப் பெண்கள் பத்துப் பதினைந்து பேர் காசு சேர்த்து ஒரு குட்டியானை வண்டியைப் பிடிப்பார்கள். கேத வீட்டுத் தெருமுனையில் இறங்கியதுமே அழுகைக் குரல் எடுத்து, வீட்டுப் பெண்களைக் கட்டிப்பிடித்து உட்கார்ந்துவிடுவார்கள். ஆண்களுக்கு வேறு முறை. வாசல் பந்தலில் செத்தவரின் பங்காளிகள் வரிசையாக இருப்பார்கள். வருகிறவர் இரண்டு கைகளையும் நீட்டுவார். அவர்களும் நீட்டுவார்கள். உள்ளங்கைகள் தொட்டு விலகும். இதற்குக் கைகொடுத்தல் என்று பெயர். யாரும் வாய் திறப்பதில்லை. வரப்புத் தகராறில் கோர்ட்டு வரைக்கும் போன இரண்டு குடும்பத்து ஆண்கள் இப்படிக் கைகொடுத்ததைப் பார்த்திருக்கிறேன். அதற்குப் பிறகும் வழக்கு நடந்தது. ஆனால் அன்றைக்கு நீட்டிய கையை யாரும் தொடாமல் விடவில்லை.

என்ன பேசுவது என்பதற்கும் எழுதாத விதி உண்டு. "எப்படி நடந்துச்சு?" என்று ஒரே ஒரு கேள்வி கேட்கலாம். அதற்கு மேல் ஆஸ்பத்திரிச் செலவு, பாகப்பிரிவினை, வயசு எதையும் கேட்கக் கூடாது. வீட்டுக்காரம்மா முதல் நாள் ராத்திரி அவர் கஞ்சி குடித்ததிலிருந்து ஆரம்பித்து, விடியற்காலம் தண்ணி கேட்டது வரை சொல்வார். அடுத்து வருகிறவரிடமும் அதையே சொல்வார். பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் நீங்கள் பத்தாவது தடவையாகக் கேட்டாலும் முதல் தடவை கேட்பவரைப் போலக் கேட்க வேண்டும். அந்தக் கேட்பில் இருக்கிற கருணைக்கு ஈடாக ஆறுதல் வசனம் எதையும் நான் கண்டதில்லை. புறப்படும்போது "போயிட்டு வர்றேன்" என்று சொல்லக் கூடாது. எழுந்து நடந்துவிட வேண்டும். தலைக்குத் தண்ணி ஊற்றிய பிறகுதான் தன் வீட்டுக்குள் நுழையலாம்.

யாழ்ப்பாணத்திலும் இந்தக் கடைசி வழக்கம் அப்படியே இருக்கிறது. செத்த வீட்டில் "போட்டு வாறன்" என்று எவரும் சொல்வதில்லை. சொல்லாமல் எழுந்து போவார்கள். குளித்துவிட்டே வீட்டுக்குள் போவார்கள். இங்கே தீட்டு என்பதை அங்கே துடக்கு என்பார்கள். நம் பக்கம் பெரும்பாலும் 16-ஆம் நாள் காரியத்தோடு தீட்டு கழிகிறது. அங்கே 31-ஆம் நாள் அந்தியேட்டி வரை துடக்கு நீள்கிறது. அன்றைக்குக் கீரிமலைக் கடலோரத்தில் கிரியை செய்து திரும்புகிறார்கள். இடையில் எட்டுச் செலவு என்று ஒரு நாள். இறந்தவருக்குப் பிடித்த பண்டங்களையெல்லாம் சமைத்துப் படைப்பது. பேரப்பிள்ளைகள் பந்தம் பிடிப்பதும், வாய்க்கரிசி போடுவதும், பெண்கள் சுடுகாட்டுக்குப் போகாமல் நின்றுவிடுவதும் இரண்டு கரைக்கும் பொது. இங்கே தெருமுனையில் நிற்பார்கள். அங்கே வீட்டுப் படலையில்.

வேறுபாடு தொடங்குவது சாவுச் செய்தி சொல்வதில்தான். எங்கள் பக்கம் செய்தி முறைப்படி நடக்கும். தாய்மாமனுக்கும் சம்பந்தகாரருக்கும் ஆள் விட்டுச் சொல்ல வேண்டும். அடுத்தவர் வழியாகக் காதில் விழுந்தால் அது குறை. செத்தது பெண் என்றால் பிறந்த வீட்டுக் கோடிச் சேலை வந்து சேரும்வரை எடுக்க மாட்டார்கள். பங்காளிகள் கொட்டுச் சத்தத்தோடு போய் நீர்மாலை எடுத்து வருவார்கள். காரியத்தன்று மகன்களுக்கு உருமால் கட்டுவது பெண் கொடுத்தவர்கள் கடமை. இப்படி ஒவ்வொரு முறைக்காரருக்கும் அன்று ஒரு வேலை இருக்கிறது. துக்கத்தில் கையும் காலும் ஓடாமல் நிற்கிற வீட்டை அந்த வேலைகள்தான் நகர்த்துகின்றன.

இலங்கையில் செய்தி எல்லார் காதிலும் ஒரே நேரத்தில் விழும். இலங்கை வானொலி கேட்டு வளர்ந்த தலைமுறை மதுரைப் பக்கம் இன்னும் இருக்கிறது. பாட்டுக்கு நடுவே வரும் மரண அறிவித்தல் அவர்களுக்கு நினைவிருக்கும். பிறந்த ஊர், வசித்த ஊர், பெயர். பிறகு இன்னாரின் அன்பு மனைவியும், இன்னாரின் பாசமிகு தாயாரும், இன்னாரின் மைத்துனியும், இன்னாரின் மாமியாரும் என்று உறவுச் சங்கிலி முழுக்க வாசிக்கப்படும். தகனம் எங்கே, எத்தனை மணிக்கு என்பதும் வரும். இந்த அறிவித்தலை உற்றாரும் உறவினரும் நண்பர்களும் ஏற்றுக்கொள்ள வேண்டும் என்ற வேண்டுகோளோடு முடியும். அந்த வேண்டுகோளில் மாமனும் மச்சானும் அயலாரும் கூட வேலை பார்த்தவரும் ஒரே தட்டில் நிற்கிறார்கள். "எனக்குத் தனியாகச் சொல்லவில்லை" என்று கோபிக்க வழியில்லை. 1985-இல் யாழ்ப்பாணத்தில் உதயன் தொடங்கிய பிறகு அதன் பக்கங்களிலும் இதே வடிவம்தான். வெளிநாட்டு உறவுகள் வரவர, ஊர்ப் பெயர்களுக்கு அடுத்து லண்டனும் டொரொண்டோவும் பாரிசும் அடைப்புக்குறிக்குள் சேர்ந்தன.

வேலை செய்வதும் அங்கே அயல்தான். சாவு விழுந்த ஒழுங்கையில் வெள்ளைக் கொடி கட்டுவது, சனசமூக நிலையத்திலிருந்து கதிரை கொண்டுவருவது, வருகிறவர்களுக்குத் தேத்தண்ணி கொடுப்பது எல்லாம் அக்கம்பக்கத்து இளைஞர்கள் பொறுப்பு. சிங்கள ஊர்களில் இது இன்னும் கட்டுக்கோப்பானது. மாதச் சந்தா பிரித்து, பந்தலும் பாத்திரமும் பணமும் கொடுக்கும் மரணாதாரச் சங்கங்கள் கிராமம்தோறும் இருக்கின்றன. அடக்கம் முடிந்து திரும்புவோருக்கு அயலார் சமைத்துப் போடும் சோற்றுக்கு மளபத என்று தனிப் பெயரே உண்டு. எழுமலைப் பக்கமும் எதிர்வீட்டில் டீ போட்டுக் கொண்டுவந்து வைப்பார்கள். ஆனால் உறவுமுறை இல்லாத ஒருவர் பெரிய வேலையைத் தன் பொறுப்பில் எடுத்துச் செய்தால், "இவருக்கு என்ன முறை?" என்று ஒரு பார்வை வரும். இந்த ஓர் இடத்தில் இலங்கை வழக்கமே மேலானது என்று எனக்குத் தோன்றுகிறது. முறைக்காரர் பலரும் திருப்பூரிலும் சென்னையிலும் வளைகுடாவிலும் இருக்கிற இந்தக் காலத்தில், பக்கத்து வீட்டுக்காரரை முறைக்குள் சேர்த்துக்கொள்ள நாம் பழக வேண்டும்.

நான் அதிகம் யோசித்தது நன்றி சொல்வதைப் பற்றி. யாழ்ப்பாணத்தில் 31-ஆம் நாளை ஒட்டி அந்தியேட்டி அழைப்போடு நன்றி நவிலல் ஒன்றும் பத்திரிகையில் வரும். நேரில் வந்தவர்கள், தொலைபேசியில் விசாரித்தவர்கள், மலர்வளையம் வைத்தவர்கள், பதாகை கட்டியவர்கள், கூட நின்று உதவியவர்கள் என்று எவரையும் விடாமல் நன்றி சொல்லப்படும். எழுமலையில் கேதத்துக்கு வந்தவருக்கு நன்றி சொன்னால் அவர் முகம் சுருங்கிவிடும். "என்னப்பா, என்னைய வேத்தாளாக்கிட்ட?" என்பார். இங்கே நன்றிக்குப் பதில் திரும்பிப் போவது. யார் வந்தார்கள் என்பது வீட்டுப் பெண்கள் மனசில் பதிந்திருக்கும். காரியத்தன்று யார் என்ன செய்தார்கள் என்பது நோட்டில் இருக்கும். பதினைந்து வருஷம் கழித்து அவர் வீட்டில் ஒரு கெட்டது நடக்கும்போது, "அன்னிக்கு அவுக வந்தாகல்ல, கெளம்பு" என்று ஆத்தா மகனை எழுப்பிவிடுவாள். ஒன்று உடனே வாய்விட்டுச் சொல்லி மனசை நிறைப்பது. மற்றது வாய் திறக்காமல் காலம் முழுக்கச் சுமப்பது. யாழ்ப்பாணத்தாரின் நன்றியை வெறும் சம்பிரதாயம் என்று இங்கிருந்து பேசுகிறவர்களைக் கேட்டிருக்கிறேன். அது சரியல்ல. ஊரே சிதறி, திரும்பிப் போய்ச் செய்வதற்கு வழியில்லாமல் போன ஒரு சமூகத்துக்கு அச்சிட்ட நன்றி மிகப் பெரிய ஆதாரம். நேரில் செய்ய முடியாத கடனை அது பெயரளவில் விடாமல் எல்லார் முன்னும் ஒப்புக்கொள்கிறது.

அவர்களிடம் இன்னொன்று இருக்கிறது: கல்வெட்டு. கல்லில் வெட்டுவது அல்ல; 31-ஆம் நாளில் வருகிறவர்களுக்குக் கொடுக்கும் சிறு புத்தகம். இறந்தவரின் படம், வாழ்க்கைக் குறிப்பு, வம்ச வரலாறு, தேவார திருவாசகப் பாட்டுகள், இறந்த ஆண்டையும் மாதத்தையும் திதியையும் வைத்துப் பாடிய வெண்பா, மனைவியும் மக்களும் மருமக்களும் பேரரும் புலம்புவதாகத் தனித்தனியே செய்யுள். ஊரில் பாட்டெழுதத் தெரிந்த வாத்தியார் ஒருவர் இருந்தால் கல்வெட்டு எழுதும் பொறுப்பு அவரைத் தேடி வரும். 2005-இல் தொடங்கிய நூலகம் மின்னூலகத்தில் இத்தகைய நினைவு மலர்களைச் சேர்த்து வைத்திருக்கிறார்கள். உள்நாட்டுப் போரில் ஆவணங்கள் எரிந்துபோன பிறகு, ஒரு கிராமத்தின் குடும்ப வரலாற்றைத் தேடுவோருக்கு அவை பெரிய துணை. எங்கள் பக்கம் அந்தப் புலம்பல் முழுவதும் வாயிலேதான் இருந்தது. ஒப்பாரி சொல்லும் ஆத்தா எழுத்தறியாதவளாக இருப்பாள். ஆனால் செத்தவனின் குணம், அவன் பட்ட கடன், கட்டிய வீடு, கண்ட மழை எல்லாம் அவள் பாட்டில் வந்து விழும். அங்கே எழுதத் தெரிந்த ஆண்கள் எழுதியதை, இங்கே எழுதத் தெரியாத பெண்கள் பாடினார்கள்.

இரண்டுக்கும் நடுவில் மலையகம் இருக்கிறது. மதுரை, ராமநாதபுரம், திருச்சி, சேலம் சீமைகளிலிருந்து 19-ஆம் நூற்றாண்டில் கங்காணிமார் தோட்ட வேலைக்குக் கூட்டிப்போன சனங்கள் தப்பையும் ஒப்பாரியையும் கூடவே கொண்டுபோனார்கள். கோடி கொண்டுவர வேண்டிய மாமன் கடலுக்கு இந்தப் பக்கம் இருந்தான். தோட்டத்து வரிசை வீடான லயத்தில் அடுத்த காம்பராவில் இருந்தவர்தான் அவசரத்துக்கு முறைக்காரர். 1964-இல் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கு அனுப்புவதென்று கணக்குப் போட்டது. அப்படி வந்தவர்கள், ஒரே வீட்டின் கூடப்பிறந்தவர்களில் ஒருவர் அங்கேயும் ஒருவர் இங்கேயுமாகப் பிரிந்தவர்கள், கேதத்துக்குப் போக முடியாத வேதனையைத் தனியாக அனுபவித்தார்கள். தந்தி வரும், வந்து சேரும்போது காரியமே முடிந்திருக்கும்.

இந்த மரியாதைகளைப் பெருமையாகப் பேசும்போது சாதியை மறைத்துவிடக் கூடாது. கொட்டு அடித்தவரும், சாவு சொல்லப் போனவரும், குழி வெட்டியவரும் யார் என்று இரண்டு கரையிலும் எல்லாருக்கும் தெரியும். அவர்கள் வீட்டுச் சாவுக்கு ஊர்ப் பெரியவர்கள் கைகொடுக்கப் போனதில்லை. 2019 ஆகஸ்டில் வாணியம்பாடி அருகே நாராயணபுரத்தில், பாதை மறுக்கப்பட்டதால் தலித் ஒருவரின் உடலைப் பாலாற்றுப் பாலத்திலிருந்து கயிறு கட்டி இறக்கினார்கள். சென்னை உயர்நீதிமன்றம் தானாக வழக்கு எடுத்தது. யாழ்ப்பாணம் புத்தூர் கலைமதி கிராமத்தில், குடியிருப்புக்கு நடுவே இருக்கும் மயானத்தை அகற்றச் சொல்லி 2017-இல் மக்கள் போராடினார்கள். கேள்விப்பட்டதும் போக வேண்டும் என்ற விதி எல்லார் வீட்டுக்கும் பொருந்தாதவரை அது பாதி மரியாதைதான்.

இப்போது எழுமலையில் உயிர் பிரிந்த இரண்டு மணி நேரத்தில் பிளெக்ஸ் வந்துவிடுகிறது. படத்துக்குக் கீழே கட்சிக்காரர்கள் படமும் வருகிறது. வாட்ஸ்அப்பில் கும்பிடும் பொம்மையைப் போட்டுவிட்டுக் கேதத்தை முடித்துக்கொள்பவர்களும் கூடிவிட்டார்கள். வர முடிந்தவர் அப்படிச் செய்வது தவறு என்றே சொல்வேன். 2020-இல் கொரோனா ஊரடங்கில் இறுதிச் சடங்குக்கு 20 பேர் என்று அரசு வரம்பு வைத்தபோது, கைகொடுக்க ஆளில்லாமல் பந்தலில் உட்கார்ந்திருந்த வீடுகள் எத்தனை தவித்தன என்பது நமக்குத் தெரியும். யாழ்ப்பாணத்தில் நேரலைக் கமெராவை வைத்து வெளிநாட்டுப் பிள்ளைகளுக்குத் தாயின் முகத்தைக் காட்டுகிறார்கள். விசா கிடைக்காத மகனுக்கு அது ஒன்றுதான் வழி. அதைக் குறை சொல்ல எனக்கு மனசில்லை.

இந்த விதிகள் எதுவும் உதவாத ஒரு துக்கமும் இலங்கையில் இருக்கிறது. காணாமல் ஆக்கப்பட்டவர்களின் தாய்மார் 2017 பிப்ரவரி 20 அன்று கிளிநொச்சியில் தொடர் போராட்டம் தொடங்கினார்கள். மரணச் சான்றிதழ் வாங்கிக்கொள்ளச் சொன்னால் மறுக்கிறார்கள். அந்த வீட்டுக்குத் துக்கம் கேட்கப் போக முடியாது. போனால் பிள்ளை செத்துவிட்டதாக ஆகிவிடும். போகாமல் இருப்பதும் கொடுமை. எட்டுச் செலவும் இல்லை, அந்தியேட்டியும் இல்லை. போராட்டப் பந்தலில் பக்கத்தில் போய் உட்கார்ந்து, பிள்ளையின் கதையை அவர்கள் சொல்லச் சொல்லக் கேட்பது மட்டும் மிச்சம். எழுமலைக் கேத வீட்டில் பத்தாவது தடவையும் கேட்கிறோமே, அதே கேட்பு அங்கே ஆண்டுக்கணக்கில் தேவைப்படுகிறது.

எங்கள் ஊருக்கு எனக்கு ஒரு விண்ணப்பம் உண்டு. பிளெக்ஸுக்குச் செலவழிக்கும் பணத்தில் ஒரு கல்வெட்டு அச்சிடலாம். அதில் செத்தவரின் பரம்பரையோடு, அன்றைக்கு அழுத ஆத்தாமார் சொன்ன ஒப்பாரியைச் சொன்னது சொன்னபடி, எங்கள் ஊர்ப் பேச்சிலேயே எழுத வேண்டும். பாடியவர் பெயரைப் போட வேண்டும். கொட்டடித்தவர் பெயரையும் போட வேண்டும். ஒப்பாரி தெரிந்தவர்கள் எழுபதைத் தாண்டிவிட்டார்கள். கேட்டு எழுதிக்கொள்ளும் பேத்திகள் இப்போது கல்லூரியில் படிக்கிறார்கள்.