மருட்கையும் முற்றுப்பெறா ஆட்டமும்: ‘அவுட்டர் வைல்ட்ஸ்’ காணொளி விளையாட்டை முன்வைத்து

முன்னுரை

ஒரு படைப்பை முழுமையாகப் பயின்ற பின்னரே அதைப் பற்றிக் கருத்துரைக்க வேண்டும் என்பது திறனாய்வின் பொதுமரபு. காணொளி விளையாட்டுகளை ஆடுவோர் இம்மரபைப் பின்பற்றுவதில்லை. தாம் ஆடிக்கொண்டிருக்கும் விளையாட்டு முடியும் முன்பே அதைப் பற்றிய எண்ணங்களைப் பிறரோடு பகிர்ந்துகொள்கின்றனர். இவற்றை முதிராத் தீர்ப்புகள் என ஒதுக்குவது எளிது. ஆயினும், சில விளையாட்டுகளில் இந்த நடுவழிக் கருத்துகளே முதன்மைச் சான்றுகளாகின்றன. தொல்காப்பிய மெய்ப்பாட்டியல் கூறும் மருட்கையின் துணைகொண்டு இதனை நிறுவ இக்கட்டுரை முயல்கிறது.

விளையாட்டின் அமைப்பு

மோபியஸ் டிஜிட்டல் நிறுவனம் உருவாக்கிய ‘அவுட்டர் வைல்ட்ஸ்’ 2019ஆம் ஆண்டு மே மாதம் வெளிவந்தது. 2020இல் சிறந்த விளையாட்டுக்கான பாஃப்டா விருதினைப் பெற்றது. ஆடுபவர், சிறு கோள் ஒன்றிலிருந்து முதன்முறையாக விண்கலம் ஏறும் பயணி. 22 நிமிடங்களில் அம்மண்டலத்தின் கதிரவன் வெடிக்க, அனைத்தும் அழிகின்றன. பயணி தொடங்கிய இடத்திலேயே மீண்டும் கண்விழிக்கிறார். இங்குப் படைக்கலன்கள் சேர்வதில்லை, ஆற்றல் கூடுவதுமில்லை. ஒரு சுற்றிலிருந்து அடுத்த சுற்றுக்கு எஞ்சுவது அறிந்துகொண்டது மட்டுமே. செய்ய வேண்டியதை முன்னரே அறிந்தவர் ஒரே சுற்றில் இவ்விளையாட்டை முடித்துவிடலாம். அறியாதவருக்குப் பல மணி நேரம் தேவைப்படும். ஆகவே, இங்கு அறிதலே ஆட்டம்.

மருட்கையின் நிலைக்களன்கள்

மருட்கை பிறக்கும் களன்களாகப் புதுமை, பெருமை, சிறுமை, ஆக்கம் ஆகிய நான்கினைத் தொல்காப்பியம் சுட்டுகிறது. இந்நான்கும் இவ்விளையாட்டில் தெளிவாகப் பொருந்துகின்றன. மறைந்துபோன நோமாய் இனத்தார் சுவர்களில் விட்டுச்சென்ற எழுத்து சுருள்சுருளாகக் கிளைக்கிறது. ஒருவர் கூற்றுக்கு மற்றவர் தந்த மறுமொழி அதன் கிளையாகிறது. இது புதுமை. கடலால் சூழப்பட்ட பெருங்கோளில் சூறாவளிகள் தீவுகளையே வான்வெளிக்குத் தூக்கி எறிகின்றன. இது பெருமை. பயணியின் தாய்க்கோளோ சில நிமிடங்களில் நடந்து சுற்றிவிடக்கூடிய அளவினது. இது சிறுமை. இரட்டைக் கோள்களில் ஒன்றன் மணல் மற்றொன்றின்மேல் தூணெனப் பொழிகிறது; ஒன்றில் புதையுண்ட கட்டடங்கள் வெளிப்பட, மற்றொன்றின் குகைகள் மூடிக்கொள்கின்றன. ஒன்று பிறிதொன்றாகத் திரியும் இந்நிலை ஆக்கம்.

களன்களைச் சுட்டுவதோடு தொல்காப்பியம் நிற்கவில்லை. அறிவு நிரம்பாமையை மருட்கையின் இயல்பாகவும் அது குறிக்கிறது. இக்கட்டுரையின் வாதம் இக்குறிப்பிலேயே ஊன்றி நிற்கிறது. மணல் எப்போது வடியும் என்பதை அறியாதவருக்கு அது வியப்பு. அறிந்தவருக்கு அது கால அட்டவணை. விளையாட்டை முடித்தவர் அதன் கட்டமைப்பை விளக்க வல்லவர். ஆனால், அவரிடம் அறிவு நிரம்பிவிட்டது. அவர் மருட்கையை நினைவுகூரலாம்; அதில் மீண்டும் நிற்க இயலாது. எனவே, இவ்விளையாட்டின் தலையாய மெய்ப்பாட்டுக்கு நேரடிச் சான்று நடுவழியில் நிற்பவரின் கூற்றே ஆகும்.

ஆடுபவரின் முன்னறிவு

அறிவு நிரம்பாமை எல்லோரிடத்தும் ஒரே அளவினதன்று. டொராண்டோவின் விசை கேம்ஸ் 2023இல் வெளியிட்ட ‘வெண்பா’ இதனை விளக்க உதவும். 1980களில் கனடாவில் குடியேறிய தமிழ்க் குடும்பத்தின் கதை அது. சிதைந்த சமையற்குறிப்பேட்டில் அழிந்துபோன பகுதிகளை ஊகித்து, இட்லி முதலிய உணவுகளை ஆடுபவர் சமைக்க வேண்டும். இட்லித் தட்டுகளை அடுக்கும் முறை பிறமொழியாளருக்குப் புதிர். தமிழ் வீட்டில் வளர்ந்தவருக்கு அன்றாடப் பழக்கம். முன்னவரைப் புதுமை ஈர்க்க, பின்னவரை ஈர்ப்பது குறிப்பேட்டின் சிதைவு. இவ்விருவர் கருத்துகளும் வேறுபடுவதை வெறும் சுவை வேறுபாடாகக் கொள்ளலாகாது. அறிவுநிலை வேறுபாடும் அதற்குக் காரணம்.

மறுப்பும் விடையும்

நடுவழிக் கருத்து பிழைபடும் என்ற மறுப்பு புறக்கணிக்கத்தக்கதன்று. ‘அவுட்டர் வைல்ட்ஸ்’ விளையாட்டில் மூன்று சுற்றுகள் மட்டும் ஆடிய ஒருவர், மீண்டும் மீண்டும் அழிந்து தொடங்குவதைக் குறையெனக் கூறக்கூடும். அம்மீள்நிகழ்வே கதையின் அடிப்படை என்பது அவருக்குப் பின்னரே விளங்கும். ஆயினும், இங்கு இருவகைக் கூற்றுகள் கலந்துவிடுகின்றன. “எனக்குச் சலிப்புத் தோன்றியது” என்பது மெய்ப்பாட்டுக் கூற்று. அது அந்நேரத்து உண்மை, பின்னர் வரும் விளக்கத்தால் அது பொய்யாவதில்லை. “இவ்விளையாட்டு சலிப்பூட்டுவது” என்பது தீர்ப்பு. அதற்கு முடிவைக் கண்டிருத்தல் வேண்டும். முன்னதை ஏற்பதனால் பின்னதையும் ஏற்க வேண்டிய கட்டாயம் இல்லை.

முடிவுரை

விளையாட்டுகளை ஆராயும் தமிழ் ஆய்வாளர், முடிந்த பனுவலுக்கு உரிய அணுகுமுறையை மட்டும் கைக்கொண்டால், மருட்கையை மையமாகக் கொண்ட ஆக்கங்களில் கட்டமைப்பு கிட்டும், அனுபவம் நழுவிவிடும். நடுவழிக் கருத்துகளைச் சான்றாகக் கொள்ள மூன்று வரையறைகள் தேவை. கூறுபவர் ஆட்டத்தின் எந்நிலையில் உள்ளார் என்பது குறிக்கப்பட வேண்டும். அவர் முன்னரே அறிந்தவை எவை என்பது வெளிப்பட வேண்டும். அவரது மெய்ப்பாட்டுக் கூற்றும் தீர்ப்பும் பிரித்தறியப்பட வேண்டும். ஆடுவோர்க்கும் ஒரு கடமை உண்டு. உணர்ந்ததைப் பகிரலாம்; அறிந்ததைப் பகிர்வதில் கட்டுப்பாடு வேண்டும். ‘அவுட்டர் வைல்ட்ஸ்’ போன்ற விளையாட்டில், கேட்பவரிடம் எஞ்சியிருக்கும் அறியாமையே அவருக்குரிய ஆட்டமாகும்.