கைக்கெட்டும் தூரத்து வெளிச்சம்

டார்ச் வேண்டும் என்று கேட்டால், கடைக்காரர் அதைக் கடைசிச் சுவரைப் பார்த்து அடித்துக் காட்டுவார். “தெருக்கோடி வரைக்கும் போகும் சார்” என்பார். ராத்திரி வயலுக்குத் தண்ணீர் பாய்ச்சப் போகிறவருக்கு அது வேண்டியதுதான். ஆனால் வீட்டில் நாம் டார்ச்சை எடுப்பது எதற்கெல்லாம்? ஃபியூஸ் கட்டையில் கம்பி சுற்ற, குழந்தையின் தொண்டைக்குள் பார்க்க, காலில் தைத்த முள்ளை எடுக்க, நடுராத்திரியில் மாத்திரைப் பட்டையைப் படிக்க. எல்லாம் ஒரு முழத்துக்குள் முடிகிற வேலை. அதற்கான டார்ச் தனி ரகம். அதை நான் சுவரில் அடித்துப் பார்ப்பதில்லை, என் உள்ளங்கையில் அடித்துப் பார்க்கிறேன்.

அட்டைப்பெட்டியில் 200 மீட்டர் என்று போட்டிருப்பார்கள். முழுநிலவு தருகிற அளவு வெளிச்சம், அதாவது கால் லக்ஸ், எந்தத் தூரம் வரை எட்டுகிறதோ அதுதான் அந்த எண். அமெரிக்காவின் ஏஎன்எஸ்ஐ எஃப்எல்1 தரவிதி அப்படித்தான் கணக்கிடச் சொல்கிறது. 200 மீட்டர் என்றால் கற்றையின் நடுவில் ஒளிச்செறிவு 10,000 கேண்டெலா இருக்கிறது என்று பொருள். தூரம் பாதியானால் வெளிச்சம் நாலு மடங்காகும். அந்த டார்ச்சையே அரை மீட்டரில் பிடித்தால் 40,000 லக்ஸ் வந்து விழும். படிக்கிற மேசைக்கு 500 லக்ஸ் தாராளம்; அரை மீட்டரில் அதைத் தர 125 கேண்டெலா போதும். இருட்டுக்குப் பழகிய கண்ணுக்கு அதில் பத்தில் ஒரு பங்குகூட நிறைவாகத் தெரியும்.

அளவைவிட முக்கியம், வெளிச்சம் எப்படிப் பரவுகிறது என்பது. வழுவழுப்பான கிண்ண ரிஃப்ளெக்டர் வைத்த டார்ச்சில் நடுவே ஒரு கூரான பொட்டு விழும், சுற்றிலும் மங்கலான வளையம். கண் அந்தப் பொட்டுக்கு ஏற்பத் தன்னைச் சுருக்கிக்கொள்ளும். பக்கத்தில் இருப்பது கருப்பில் அமிழ்ந்துவிடும். நீங்கள் ஸ்க்ரூவைப் பார்ப்பீர்கள், அதிலிருந்து கழன்று விழுந்த வாஷர் தெரியாது. அருகில் செய்யும் வேலைக்கு வேண்டியது பொட்டே இல்லாத, ஓரம் எங்கே முடிகிறது என்று சொல்ல முடியாத ஒளி. எல்இடிக்கு முன்னால் ரிஃப்ளெக்டரோ லென்ஸோ வைக்காமல் வெறும் கண்ணாடி மட்டும் போட்ட டார்ச்சுகள் இருக்கின்றன. தூரத்துக்குச் சுத்தமாக உதவாது. ஆனால் கையருகே, திறந்த புத்தகத்தின் இரண்டு பக்கங்களிலும் ஒரே சீராகப் படியும் அந்த ஒளிக்கு ஈடே கிடையாது. மேற்பரப்பு சொரசொரப்பான பிளாஸ்டிக் லென்ஸுக்கு அடுத்த இடம். நடைபாதைக் கடையில் கிடைக்கும் ஜூம் டார்ச்சையும் ஒதுக்கிவிட வேண்டாம். முன்பகுதியை உள்ளே தள்ளினால் ஒரே சீரான வட்டம் விழும், ஓரம் மட்டும் கத்தரித்ததுபோல் இருக்கும்.

இனி நிறம். சாதாரண வெள்ளை எல்இடி உண்மையில் நீல எல்இடிதான். மேலே பூசிய பாஸ்பர் அந்த நீலத்தில் ஒரு பங்கை மஞ்சளாக மாற்ற, இரண்டும் கலந்து வெள்ளையாகத் தெரிகிறது. 1993-இல் பளிச்சென்ற நீல எல்இடியை விஞ்ஞானி நகமுரா கொண்டுவந்தார். அகசாகி, அமானோவுடன் 2014-இல் நோபல் பரிசும் வாங்கினார். உலகத்தின் இரவையே மாற்றிய காரியம் அது. ஆனாலும் மலிவான வெள்ளை எல்இடியில் அடர்சிவப்பு மிகக் குறைவு. நிறங்களை எவ்வளவு உண்மையாகக் காட்டுகிறது என்பதற்கு சிஆர்ஐ என்று ஓர் எண் கொடுப்பார்கள். அந்தச் சராசரி எட்டு நிற மாதிரிகளை மட்டும் வைத்துப் போடப்படுவது. அடர்சிவப்பான ஒன்பதாவது மாதிரி அதில் சேர்வதில்லை. அதனால் சிஆர்ஐ 80 என்று எழுதிய டார்ச்சிலும் சிவப்பு செத்துக் கிடக்கலாம். 90-க்கு மேல் சிஆர்ஐ, கூடவே ஆர்9 என்ற அந்த ஒன்பதாவது எண்ணும் உயர்வாக இருப்பதைத் தேடுங்கள். நிச்சியா நிறுவனத்தின் 219பி, 519ஏ எல்இடிகளை டார்ச் ரசிகர்கள் கொண்டாடுவது இதற்காகத்தான். இதற்குக் கொஞ்சம் பிரகாசத்தை விட்டுக்கொடுக்க வேண்டும். ஒரு முழத் தூரத்தில் அது நஷ்டமே இல்லை.

இந்த வித்தியாசத்தை ஒரு பாதத்தில் பார்க்கலாம். சோற்றுக் கையால் எட்டுகிற தூரத்தில் குதிகால், அதில் முள். நீலம் பாய்ந்த ஒளியில் தோல் முழுக்கச் சாம்பல் பூத்ததுபோல் வெளிறிக் கிடக்கும். எங்கே குத்தியிருக்கிறது என்று விரலால் அழுத்தி, வலிக்கிற இடத்தைக் கேட்டுத்தான் கண்டுபிடிக்க வேண்டும். சிவப்பு உயிரோடு இருக்கும் ஒளியில் முள்ளைச் சுற்றிய தோல் கன்றியிருப்பதும் அதன் நடுவே பழுப்பாக முள்ளின் அடியும் தனித்தனியாகத் தெரியும். ஊசியை எங்கே வைப்பது என்ற தயக்கம் போய்விடும்.

நிறம் சரியாக இருந்தும், ஒளி வரும் கோணம் தப்பாக இருந்தால் பயனில்லை. மாத்திரைப் பட்டையின் ஓரத்தில் காலாவதித் தேதியை மையில்லாமல் வெறும் அச்சாக அழுத்தியிருப்பார்களே, அதை எடுத்துக்கொள்ளுங்கள். நேராக டார்ச் அடித்தால் அலுமினியத் தகடு பளபளக்கும், எழுத்து காணாமல் போகும். டார்ச்சைப் பட்டையோடு பட்டையாகச் சாய்த்து, பக்கவாட்டிலிருந்து வெளிச்சம் உரசிப் போகும்படி பிடியுங்கள். ஒவ்வொரு இலக்கமும் தன் நிழலோடு எழுந்து நிற்கும். ஹெட்லேம்ப் இங்கேதான் தோற்கிறது. இரண்டு கையையும் விடுவிக்கிறது, வாஸ்தவம். குழாய் மாற்றும்போது அதைவிட உதவி வேறில்லை. ஆனால் விளக்கு நெற்றியில், கண்ணுக்கு மேலேயே இருப்பதால் நிழல்கள் பொருளுக்குப் பின்னால் ஒளிந்துகொள்கின்றன, மேடுபள்ளம் தட்டையாகிவிடுகிறது. நுணுக்க வேலைக்கு நான் சின்ன டார்ச்சின் பக்கம். அடியில் காந்தம் இருந்தால் இன்னும் நல்லது: ஸ்கூட்டரின் இரும்புப் பகுதியிலோ ஃப்ரிட்ஜ் ஓரத்திலோ ஒட்டிவிட்டு, வேண்டிய கோணத்தில் திருப்பிக்கொள்ளலாம்.

பொத்தானை அழுத்தியதும் முதலில் எது எரிகிறது என்பதையும் பாருங்கள். இருட்டுக்குக் கண் முழுசாகப் பழக இருபது முப்பது நிமிஷம் ஆகும். அதைக் கலைக்க ஒரு பளிச் போதும். ஒரு லூமனுக்கும் கீழே தொடங்குகிற டார்ச்சில், பக்கத்தில் தூங்குகிறவர் புரண்டு படுக்காமலே தெர்மாமீட்டரைப் படித்துவிடலாம். மங்கலாக எரியும்போது விரலை அதன் முன்னால் வேகமாக ஆட்டிப் பாருங்கள். விரல் துண்டு துண்டாகப் பல விரல்களாகத் தெரிந்தால், அந்த டார்ச் அணைந்து அணைந்து எரிந்துதான் வெளிச்சத்தைக் குறைக்கிறது. அதை வைத்துக்கொண்டு ஊசியில் நூல் கோக்க உட்கார்ந்தால் கண் சீக்கிரம் களைத்துப்போகும். இதை மட்டும் நான் எந்த விலைக்கும் மன்னிப்பதில்லை.

புதிதாக வாங்க மனமில்லாதவர்கள், வீட்டில் இருக்கும் டார்ச்சின் கண்ணாடியில் மேலே எழுதக்கூடிய மங்கல் டேப்பை ஓர் அடுக்கு ஒட்டிப் பார்க்கலாம். நடுப்பொட்டு கரைந்து ஒளி அகலமாகும். குறைந்த வெளிச்சத்திலேயே வைத்துக்கொள்ளுங்கள். முழு வெளிச்சத்தில் எரியவிட்டால் சூட்டில் பசை இளகிக் கண்ணாடியில் படிந்துவிடும்.